வீட்டில் பாட்டுப் பதிய மல்டிட்ராக் ரெக்கார்டர்: ட்ராக்கை எண்ணாதீர்கள், இன்புட்டை எண்ணுங்கள்

மல்டிட்ராக் ரெக்கார்டர் (ஒவ்வொரு குரலையும் வாத்தியத்தையும் தனித்தனி ட்ராக்கில் பதியும் கருவி) வாங்கக் கிளம்புகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை ட்ராக்?" அட்டைப் பெட்டியிலும் 8, 16, 24 என்று அதைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். பதிந்து வைத்ததை எல்லாம் சேர்த்து ஓடவிட்டால் எத்தனை ட்ராக் ஒன்றாக ஒலிக்கும் என்பதுதான் அந்த எண். ஒரே சமயத்தில் எத்தனை மைக் செருகிப் பதியலாம் என்பது வேறு எண். அது பெரும்பாலும் பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.

ஜூம் ஆர்12 எட்டு ட்ராக் கருவி. அதில் ஒரே சமயத்தில் பதிய முடிவது இரண்டுதான். டாஸ்காம் டிபி-008இஎக்ஸ் கருவியும் அப்படியே. டாஸ்காம் டிபி-32எஸ்டியில் 32 ட்ராக் உண்டு, ஆனால் ஒரே நேரத்தில் எட்டு. ஜூம் ஆர்20-இல் 16 ட்ராக், எட்டு இன்புட். இந்த இரண்டாவது எண்தான் உங்கள் வீட்டில் யார் யார் சேர்ந்து வாசிக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைத் தவறவிட்டு வாங்கினால் பிறகு சரிசெய்ய வழியில்லை. ட்ராக் போதாவிட்டால் பவுன்ஸ் செய்து (பல ட்ராக்கை ஒன்றிரண்டாகக் கலந்து) சமாளிக்கலாம், இன்புட் போதாவிட்டால் கருவியைத்தான் மாற்ற வேண்டும்.

வாங்கும் முன் ஒரு தாள், ஒரு பேனா

நீங்கள் உண்மையில் பதியப் போகும் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் என்னென்ன சத்தம் வரும், எதெல்லாம் ஒரே மூச்சில் பதிய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒருவரே எல்லாம் செய்யும் மெல்லிசைப் பாட்டு என்றால் கணக்கு இப்படி வரும்: தாளத்துக்கு வழிகாட்டி ஒன்று, கிடார் ஒன்று, கீபோர்டு ஸ்டீரியோவில் இரண்டு, டோலக் இரண்டு, பாட்டு ஒன்று, கோரஸ் இரண்டு. மொத்தம் ஒன்பது ட்ராக். ஆனால் ஒரு நேரத்தில் ஓடுவது அதிகபட்சம் இரண்டே மைக். ஆகவே இரண்டு இன்புட் உள்ள எட்டு ட்ராக் கருவி தாராளம். கோரஸைப் பதியும் முன் வழிகாட்டி ட்ராக்கை அழித்தால் எட்டுக்குள் வந்துவிடும். ட்ராக் பற்றாமல் போனால் கோரஸை நாலைந்து தடவை பாடிப் பதிந்து, அவற்றை இரண்டு ட்ராக்கில் பவுன்ஸ் செய்துகொள்ளலாம்.

கர்நாடக சங்கீதத்தில் கணக்கே வேறு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒவ்வொன்றாகப் பதிந்து அடுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வர்ணமோ சின்னக் கீர்த்தனையோ என்றால் ஓரளவு நடக்கும். கல்பனாஸ்வரம் வந்துவிட்டால் நடக்காது. பாடகர் எந்த இடத்தில் முடிக்கிறார் என்பதைக் கேட்டு வயலின் திருப்பி வாசிக்க வேண்டும். கோர்வை வருவதைப் பாடகரின் முகத்திலும் கையிலும் பார்த்துத்தான் மிருதங்கம் சேர்ந்து வரும். தனித்தனியாகப் பதிந்தால் எல்லாம் தாளத்தில் சரியாக இருக்கும், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது போன்ற அந்த உயிர் இருக்காது. எனவே மூவரையும் ஒன்றாக உட்கார வைத்தே பதியுங்கள். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, சுருதிக்கு ஒன்று என ஐந்து இன்புட் வேண்டும். மிருதங்கத்துக்கு ஒரே மைக் வைத்து, சுருதியைத் தனியாகப் பதியாமல் விட்டால் மூன்றில் முடிக்கலாம். ஜூம் எச்6 போன்ற, நான்கு எக்ஸ்எல்ஆர் (மூன்று முள் மைக் ஒயர்) இன்புட் உள்ள கையடக்கக் கருவி அதற்குப் போதும்.

மைக்ரோபோன் தனித்தனியாக இருப்பதால் சத்தமும் தனித்தனியாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம். பத்துக்குப் பத்து அறையில் மிருதங்கம் பாடகரின் மைக்கில் கட்டாயம் விழும். கார்டியாய்டு (முன்பக்கத்தை அதிகமாகப் பிடிக்கும்) மைக்கின் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும் என்பதால், பாட்டு மைக்கின் முதுகு மிருதங்கத்தைப் பார்க்கும்படி ஆட்களை உட்கார வையுங்கள். ஒரு மைக் தன் வாத்தியத்திலிருந்து ஒரு அடி தள்ளி இருந்தால், அடுத்த மைக் அந்த மைக்கிலிருந்து மூன்று அடியாவது தள்ளி இருக்கட்டும்.

கையில் ஏற்கெனவே நல்ல கணினி இருந்து, அதோடு மல்லுக்கட்டும் பொறுமையும் இருந்தால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் இரண்டு இன்புட் ஆடியோ இன்டர்ஃபேஸே மலிவு. ரெக்கார்டரின் லாபம் வேறு இடத்தில்: விசிறிச் சத்தம் கிடையாது, அப்டேட் கேட்காது, பாடுவது ஹெட்ஃபோனில் தாமதமின்றிக் கேட்கும், சிவப்புப் பொத்தானை அழுத்தினால் பதிவு தொடங்கும்.

இன்புட்டின் தரம்

எண்ணிக்கை சரி என்றால் அடுத்து ஒவ்வொரு இன்புட்டும் என்ன வகை என்று பாருங்கள். எக்ஸ்எல்ஆர், குவார்ட்டர் இஞ்ச் ஜாக் இரண்டையும் ஏற்கும் காம்போ ஜாக் நல்லது. (கடைத்தெருவில் ஒயர் வாங்கும்போது எக்ஸ்எல்ஆரைக் 'கேனன்' என்றும், குவார்ட்டர் இஞ்ச் ஜாக்கைப் 'பி-38' என்றும் கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள்.) 3.5 மிமீ மைக் ஜாக் மட்டும் உள்ள கருவியை இசைக்கு எடுக்காதீர்கள். நாளடைவில் ஜாக் தளர்ந்து கரகரக்கக்கூடும்.

கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்களுக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் (மைக் ஒயர் வழியாகவே மைக்குக்குக் கருவி தரும் மின்சாரம்) தேவை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. எட்டு இன்புட் என்றால் எட்டுக்கும் பேன்டம் வரும் என்று அர்த்தமில்லை. பழைய ஜூம் ஆர்16-இல் எட்டில் இரண்டுக்கு மட்டும்தான் வரும். எந்தெந்த இன்புட்டுக்கு வருகிறது, தனித்தனியாக அணைக்க முடியுமா, கூட்டமாகத்தான் அணையுமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள். எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கைச் சரியான எக்ஸ்எல்ஆர் ஒயரில் செருகியிருந்தால் பேன்டம் அதை ஒன்றும் செய்யாது. ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் கவனம் தேவை.

வீணையிலோ வயலினிலோ ஒட்டுகிற கான்டாக்ட் மைக் பலருக்குத் தலைவலி தருவது இன்புட்டைத் தவறாகத் தேர்ந்தெடுப்பதால். அதற்குள் இருப்பது பீசோ தகடு. அது தன் முழுச் சத்தத்தையும் தர, எதிரில் உள்ள இன்புட்டின் மின்தடை மிக அதிகமாக, 10 லட்சம் ஓம் அளவில் இருக்க வேண்டும். சாதாரண மைக் இன்புட்டில் சில ஆயிரம் ஓம்தான் இருக்கும். அதில் செருகினால் மந்தர ஸ்தாயி காணாமல் போய், தகரத்தைத் தட்டினது போல் மெலிந்து கேட்கும். 'வீணை சரியில்லை' என்று தந்தியை மாற்றுவார்கள், குற்றம் தந்தியில் இருக்காது. ஹை-இசட் அல்லது கிடார் என்று குறித்த இன்புட்டில் போட்டால் அதே வீணை கனத்து ஒலிக்கும். பல கருவிகளில் இந்த ஹை-இசட் ஒரே ஒரு இன்புட்டுக்குத்தான் உண்டு. வீணையும் கிடாரும் சேர்ந்து வாசிக்கும் வீடாக இருந்தால் இதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ப்ரீஆம்பின் (மைக்கின் சத்தத்தைப் பெருக்கும் பகுதியின்) இரைச்சலைத் தாளில் உள்ள எண்ணை வைத்து முடிவு செய்வது கடினம், காதால் செய்வது எளிது. டைனமிக் மைக்கைச் செருகி, ஒரு சாண் தள்ளி மெதுவாகப் பேசி, மீட்டர் உச்சம் மைனஸ் 12 டிபி வரை வரும்படி கெய்னை (பெருக்கும் அளவை) கூட்டுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். மழை தூறுவது போன்ற 'உஸ்' தெளிவாகக் கேட்டால், அந்தக் கருவியில் மெல்லிய ஆலாபனை பதிய முடியாது. கண்டென்சர் மைக் போட்டால் கெய்ன் குறைவாகத் தேவைப்படும் என்பதால் அதே கருவி தேறிவிடக்கூடும்.

24 பிட் போதுமா, 32 பிட் ஃப்ளோட் வேண்டுமா?

இப்போது ஜூம் ஆர்4 போன்ற சிறிய கருவிகளிலேயே 32 பிட் ஃப்ளோட் வந்துவிட்டது. இதில் பதிந்தால் மீட்டர் சிவப்பைத் தொட்டாலும் பிறகு குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம். மிருதங்கம், தவில், பறை பதிகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஒத்திகையில் மெதுவாகத் தட்டியவர் பதிவின்போது இரட்டை பலத்தில் தட்டுவது வழக்கம். ஆனால் மைக்கின் உள்ளேயே சத்தம் உடைந்தால் 32 பிட் அதைக் காப்பாற்றாது. தவிலுக்கு அரை அடியில் மென்மையான கண்டென்சர் வைத்தால் எந்தக் கருவியிலும் உடையத்தான் செய்யும்.

பாட்டும் கீபோர்டும் மட்டும் என்றால் 24 பிட் நிறையவே போதும். மிக உரத்த இடத்தைப் பாடச் சொல்லி, உச்சம் மைனஸ் 12 டிபி அருகில் நிற்கும்படி கெய்னை வையுங்கள். தாள வாத்தியத்துக்கு மைனஸ் 18. மீட்டர் பாதிதான் ஏறுகிறதே என்று பயந்து கூட்ட வேண்டாம்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக் வைப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. இடந்தலையில் (தொப்பியில்) அடிக்கும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளே உள்ள காற்று வலந்தலையை வெளியே தள்ளுகிறது. இரண்டு மைக்கும் எதிரெதிர் திசையிலிருந்து பார்ப்பதால் ஒன்றில் மேலே ஏறும் அலை மற்றதில் கீழே இறங்கும். சேர்த்துக் கேட்டால் தொப்பியின் 'தொம்' வற்றிப்போகும். இரண்டு ட்ராக்கையும் நடுவில் வைத்து, ஒன்றின் ஃபேஸைப் புரட்டி (அலையைத் தலைகீழாக்கி) பாருங்கள், எதில் கனம் கூடுகிறதோ அதுவே சரி. ஃபேஸ் புரட்டும் வசதி இல்லாத கருவி என்றால் இதைப் பிறகு கணினியில்தான் செய்ய வேண்டும்.

சுருதியும் தாளமும்

இந்தக் கருவிகள் நம் சங்கீதத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் கடையிலேயே மெட்ரோனோம் மெனுவைத் திறந்து பாருங்கள். 4/4, 3/4, 6/8 மட்டும் இருந்தால் ஆதிக்கும் ரூபகத்துக்கும் சரி. மிஸ்ர சாப்புக்கு 7, கண்ட சாப்புக்கு 5 எண்ணிக்கை வேண்டும். இல்லையென்றால் முதல் தட்டை மட்டும் அழுத்திச் சொல்லும் ஆக்ஸென்ட்டை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். அணைத்துவிட்டால் எல்லாத் தட்டும் ஒரே மாதிரி விழும், ஏழை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அதுவும் இல்லாவிட்டால் முதல் ட்ராக்கில் கையால் தாளம் போட்டுப் பதிந்து, அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே மற்றவற்றை அடுக்கலாம். நம் பாட்டுக்கு இதுவே இயல்பாகவும் இருக்கும். எடுப்புக்கு முன் ஒரு ஆவர்த்தனம் வெறும் தாளம் போட்டு வையுங்கள். அதை மறந்தால் ஒவ்வொரு தடவையும் எங்கே ஆரம்பிப்பது என்று தடுமாற வேண்டியிருக்கும்.

சுருதியை முதல் ட்ராக்கிலோ இரண்டாவதிலோ, பாட்டின் நீளத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாக, ஒரே தடவையில் பதிந்துவிடுங்கள். பிறகு சேரும் எல்லோரும் அந்தச் சுருதியோடுதான் சேர வேண்டும். ஒருவர் சுருதிப்பெட்டி, இன்னொருவர் மொபைல் ஆப் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் '5 கட்டை' என்று காட்டினாலும் நூலிழை வித்தியாசம் இருக்கும், அடுக்கிய பிறகு அலையடிக்கும். பழைய எலக்ட்ரானிக் சுருதிப்பெட்டிகள் சூடேறும்போது நகரும். கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிறகு பதியுங்கள். மொபைலிலிருந்து ஒயர் வழியாக லைன் இன்புட்டில் கொடுப்பதே சுத்தம், ஸ்பீக்கரில் வைத்து மைக்கில் பிடிக்காதீர்கள்.

கேட்டுக்கொண்டே பாடுவதற்குக் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன் அவசியம். திறந்த வகையில் தாளச் சத்தம் வெளியே கசிந்து பாட்டு மைக்கில் விழும். அனுபல்லவியில் தெரியாது. கடைசியில் பாட்டு அடங்கும் இடத்தில் 'டிக் டிக்' தனியாகக் கேட்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

பேட்டரி, அடாப்டர், கரண்ட் கட்

எடுத்துச் செல்லக்கூடிய கருவி என்று விளம்பரப்படுத்துகிற எல்லாவற்றிலும் பேட்டரி இருக்காது. ஆர்12, டிபி-008இஎக்ஸ் இரண்டும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். ஆர்20, டிபி-32எஸ்டி போன்ற பெரியவற்றுக்கு அடாப்டர்தான். கரண்ட் போகும் ஊரில் இந்த வித்தியாசம் முக்கியம். பதிந்துகொண்டிருக்கும்போது கருவி அணைந்தால் அந்த நொடிவரை பதிந்ததாவது மிஞ்சும் என்று எதிர்பார்க்க முடியாது. கோப்பை மூடி எழுதும் முன்பே நின்றுவிடுவதால் முழு டேக்கும் திறக்க மறுக்கலாம். பேட்டரி இல்லாத கருவி என்றால் யுபிஎஸ் இல்லாமல் பதிய வேண்டாம்.

பேட்டரியில் இன்னொரு நன்மையும் உண்டு. இரண்டு முனை அடாப்டர் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் சேர்ந்துகொண்டு, தந்தியைத் தொட்டால் மட்டும் நிற்கிறது என்றால் அது பெரும்பாலும் மின்சார வழியாக வருவது. பேட்டரிக்கு மாற்றிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் மைக்கையோ ஒயரையோ மாற்றப் பணம் செலவழிக்கத் தேவையில்லை.

ரீசார்ஜ் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். மெனுவில் பேட்டரி வகையை மாற்றாவிட்டால் பாதி சார்ஜ் இருக்கும்போதே 'லோ' என்று காட்டும். பேன்டம் பவர் போட்டால் பேட்டரி மடமடவென்று இறங்கும், கையேட்டில் சொன்ன மணிக்கணக்கு பேன்டம் இல்லாத கணக்கா என்று பாருங்கள். பவர் பேங்கில் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் 'போன் சார்ஜ் ஆகிவிட்டது' என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்டுச் சோதித்த பிறகே நம்புங்கள்.

பதிந்தது எப்படி வெளியே வரும்?

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. ஜூம் ஆர் வரிசையில் ஒவ்வொரு ட்ராக்கும் கார்டில் வேவ் கோப்பாகவே இருக்கும், கணினியில் செருகி அப்படியே இழுத்துப் போடலாம். டாஸ்காம் டிபி-008 வகையில் கார்டு இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பாட்டு இருக்கும் பகுதி கணினிக்குத் தெரியாது. ஒவ்வொரு ட்ராக்கையும் எக்ஸ்போர்ட் செய்து மற்றப் பகுதிக்கு அனுப்பிய பிறகுதான் எடுக்க முடியும். கருவிக்குள்ளேயே மிக்ஸ் செய்து முடிப்பவருக்கு இது பொருட்டல்ல. கணினியில் மிக்ஸ் செய்பவருக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் கூடுதல் வேலை.

44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்குச் சுமார் 8 எம்பி பிடிக்கும். எட்டு ட்ராக், ஐந்து நிமிடப் பாட்டு 320 எம்பி. 32 ஜிபி கார்டில் அப்படி ஏறக்குறைய நூறு பாட்டு. பழைய கருவிகள் 32 ஜிபிக்கு மேல் ஏற்காது, பெரிய கார்டு வாங்கி ஏமாற வேண்டாம். கார்டைக் கணினியில் ஃபார்மட் செய்யாமல் ரெக்கார்டரிலேயே செய்யுங்கள். 'கார்டு மெதுவாக இருக்கிறது' என்ற எச்சரிக்கை வந்தால் பெரும்பாலும் போலிக் கார்டு, அல்லது துண்டு துண்டாக நிரம்பிய கார்டு. வீடியோவோடு சேர்க்கப் போகிறீர்கள் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் பதிய முடிகிறதா என்று பாருங்கள். சில கருவிகளில் 44.1 மட்டும்தான் உண்டு.

பவுன்ஸ் செய்யும் முன் தனி ட்ராக்குகளை ஒரு நகல் எடுத்து வையுங்கள். நான்கு கோரஸ் குரலை இரண்டாக்கிய பிறகு, மூன்றாவது குரல் சற்றுக் கீழே போயிருப்பது இரண்டு நாள் கழித்துத்தான் காதில் படும்.

கடையில் பத்து நிமிடம்

சொந்த ஹெட்ஃபோன், சொந்த மைக், ஒயர், ஒரு கார்டு எடுத்துப் போங்கள். விற்பவரைக் காட்டச் சொல்லாமல் நீங்களே செய்யுங்கள்: புதுப் பாட்டு திறந்து, ஒரு ட்ராக்கில் தாளம் தட்டிப் பதிந்து, அடுத்ததில் நான்கு வரி பாடி, இரண்டாவது வரியை மட்டும் பஞ்ச்-இன் செய்து (அந்த இடத்தில் மட்டும் மேலே பதிந்து) மாற்றுங்கள். பஞ்ச் செய்த இடத்தில் 'டப்' என்று ஒட்டுச் சத்தம் கேட்கிறதா? தவறாக மாற்றினால் அன்டூ வேலை செய்கிறதா? கையில் வாத்தியம் இருக்கும்போது பஞ்ச் செய்ய ஃபுட் ஸ்விட்ச் ஜாக் இருக்கிறதா? இதைக் கையேடு இல்லாமல் பத்து நிமிடத்தில் செய்ய முடிந்தால் வீட்டிலும் பயன்படுத்துவீர்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று மெனு இறங்க வேண்டியிருந்தால், எவ்வளவு நல்ல ப்ரீஆம்பாக இருந்தாலும் கருவி பீரோவுக்குள் போய்விடும்.

ஃபேடர்கள் (சத்தத்தை ஏற்றி இறக்கும் நகர்த்திகள்) தனித்தனியாக இருப்பது மிக்ஸ் செய்யும்போது பெரிய வசதி. திரையில் தொட்டு இழுக்கும் வகையில் பாட்டும் வயலினும் ஒன்றாக ஏறி இறங்கும் நுணுக்கம் கைக்கு வராது. சின்னக் கருவியில் இதை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

பழையது வாங்குவதாக இருந்தால், உள்ளே ஹார்டு டிஸ்க்கோ ஜிப் டிஸ்க்கோ வைத்த 1990களின் கருவிகளைத் தவிருங்கள், டிஸ்க் போனால் மாற்றுக் கிடைப்பது கஷ்டம். எஸ்டி கார்டு வகையில், பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் நகர்த்திக் கரகரப்பு கேளுங்கள். கார்டை ஐந்து தடவை செருகி எடுத்து ஒவ்வொரு முறையும் படிக்கிறதா பாருங்கள். பேட்டரி அறையில் பச்சை அல்லது வெள்ளைப் பூஞ்சை போன்ற படிவு இருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது. பேன்டம் பவரை மல்டிமீட்டரால் சோதியுங்கள். டிசி வோல்ட்டில் வைத்து, எக்ஸ்எல்ஆர் ஒயரை இன்புட்டில் மாட்டுங்கள்: ஒயரின் ஆண் முனை கருவிக்குள், பெண் முனை உங்கள் கையில். 1-ஆவது துளைக்கும் 2-ஆவது துளைக்கும் இடையே அளந்து, பிறகு 1-க்கும் 3-க்கும் இடையே அளங்கள். இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள் வர வேண்டும். ஒன்றில் 48-உம் மற்றதில் 20-உம் வந்தால் அந்த இன்புட் பழுது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.